அத்தானுக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை: தபால் வாக்கு குறித்துத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைத் தேர்தல் ஆணையர் மற்றும் தேர்தல் ஆணையர்கள்,
இந்தியத் தேர்தல் ஆணையம்,
நிர்வாசன் சதன், புது டெல்லி.

மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு வணக்கம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தில் ஒன்பது முறை சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் பணிக்குச் சென்றிருக்கிறேன்; அவற்றில் ஆறு முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ஊரார் ஓட்டையெல்லாம் பதிவுசெய்து, பெட்டிக்கு அரக்கு வைத்து அனுப்பும் நாளில், என் ஓட்டு மட்டும் என் சொந்தச் சாவடிக்குப் போகாது. ஒருமுறை இ.டி.சி. என்ற தேர்தல் பணிச் சான்றிதழ் கிடைத்து, பணிபுரிந்த சாவடியிலேயே வாக்களித்தேன். மற்ற முறையெல்லாம் தபால் ஓட்டுதான். ஆகவே தபால் வாக்கு என்பது எனக்குப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயமல்ல. படிவம் 12-ஐ நிரப்பிக் கொடுத்துவிட்டு, சீட்டு வருமா வராதா என்று பயிற்சி வகுப்பு வாசலில் காத்துக் கிடந்தவன் நான். உறையின் பசை ஒட்டாமல், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து இரண்டு பருக்கை எடுத்துத் தேய்த்து ஒட்டியதும் உண்டு.

இந்த மடலை எழுதத் தூண்டியது 2024 மக்களவைத் தேர்தலின்போது என் அக்கா வீட்டில் நடந்த ஒரு சம்பவம். அத்தானுக்கு அப்போது 86 வயது. பக்கவாதம் வந்து மூன்றாண்டாகப் படுக்கையில் இருந்தார். அக்காவுக்கு 76. மூத்த மகன் மஸ்கட்டில், மகள் ஓசூரில். 85 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டிலேயே வாக்களிக்க வசதி உண்டு என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவம் 12டி-யைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை நிரப்பித் தந்தார். வாக்குப்பதிவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு, ஒரு காலை நேரத்தில், குழு வந்து சேர்ந்தது. இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு காவலர், ஒரு வீடியோ ஒளிப்பதிவாளர், ஒரு நுண் பார்வையாளர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் மடக்கு அட்டையை விரித்து மறைவிடம் அமைத்தார்கள். அத்தானின் அடையாள அட்டையைச் சரிபார்த்தார்கள். உறுதிமொழிப் படிவத்தில் அவர் கைநாட்டு வைத்தார். சீட்டைக் கையில் கொடுத்தபோது அவர் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறிப்போன பிறகு அவர் தன் விருப்பம் என்று எதையும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அவர் தன் விருப்பத்தை எழுதினார்.

உறையை ஒட்டி வாங்கிக்கொண்டு அவர்கள் கிளம்பியபோது, காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்: "சார், எனக்கும் ஓட்டு இருக்கு. இவுகளை விட்டுட்டு என்னால அங்க வந்து நிக்க முடியாது. இப்பவே என்னோடதையும் வாங்கிட்டுப் போயிரக் கூடாதா?"

அலுவலர் நல்ல மனிதர். கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார்: "உங்களுக்கு வயசு பத்தாதேம்மா. ரூல் இல்ல."

76 வயதுப் பெண்ணிடம் வயது போதாது என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அக்காவும் சிரித்தார். ஆனால் ஏப்ரல் 19 அன்று அவர் வாக்களிக்கவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம் துணைக்கு இருக்கிறேன் என்று சொல்லியிருந்த பக்கத்து வீட்டம்மா வந்தபோது, அத்தானுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, நர்ஸைத் தேடி ஓடவேண்டியதாயிற்று. எல்லாம் சரியானபோது மாலை ஆறு மணி தாண்டிவிட்டது. என் வாக்கு அறுபது கிலோமீட்டர் தள்ளி என் ஊரில் இருந்ததால் அன்று நானும் அங்கே இல்லை. மஸ்கட்டில் இருக்கும் மகனோ, 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஏ பிரிவின்படி வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்க விமானம் ஏறி வரவேண்டும்.

அரசின் ஐந்து பிரதிநிதிகள் ஒரு வாக்காளரின் அடுப்படி வரை வந்துவிட்டு, அவருடைய வாக்கைப் பெறாமல் திரும்பிப்போனார்கள் என்பதைத்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதிலே சட்டமீறல் எதுவும் இல்லை. யார் மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். என் கேள்வி விதி எந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது பற்றியது.

என்னை நான் மனிதநேயன் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் இரக்கம், தானதர்மம் என்று பொருள்கொண்டுவிடுகிறோம். நான் சொல்வது எம்.என். ராய், வி.எம். தார்குண்டே ஆகியோர் இந்த நாட்டில் முன்வைத்த மனிதநேயச் சிந்தனையை. சாதி, மதம், கட்சி, அரசு என்று எந்தக் கூட்டத்தையும்விடத் தனி மனிதரின் சுதந்திரத்தையும் பகுத்தறிவையும் முதன்மையாகக் கொள்ளும் சிந்தனை அது. ராய் தாம் தொடங்கிய கட்சியையே 1948-இல் கலைத்தார். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த தார்குண்டே, ஜெயப்பிரகாஷ் நாராயண் கேட்டுக்கொண்டபடி தேர்தல் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்து, வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைக்க வேண்டும் என்று 1975-இலேயே பரிந்துரைத்தார். 61-ஆவது திருத்தத்தின் வழியாக அது 1989-இல் நடைமுறைக்கு வந்தது. நம்மூரில் இதே உணர்வைச் சுயமரியாதை என்ற ஒற்றைச் சொல்லால் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒருவர் வாக்களிக்க உதவுவது அவருக்கு நாம் செய்யும் உபகாரம் அன்று, அது அவருடைய உரிமை என்பதும், அந்த வாக்கு வேறொருவரின் பார்வைக்கோ பிடிக்கோ அகப்படாமல் அவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இந்தச் சிந்தனையிலிருந்து பிறக்கும் இரண்டு கோரிக்கைகள். தபால் வாக்கைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதவும் கூடும் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் சட்டத்தில் தபால் வாக்கு வளர்ந்த விதத்தைப் பாருங்கள். அது முதலில் பெரும்பாலும் அரசுக்காக வேலை பார்ப்பவர்களுக்குத்தான் கிடைத்தது: படைவீரர், தேர்தல் பணியில் இருக்கும் ஊழியர் ஆகியோருக்கு. அரசு ஒருவரை வீட்டிலிருந்து தூரக் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் வாக்கை அரசே தேடிச் செல்ல வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. அந்த நியாயத்துக்குள்ளும் ஓட்டைகள் இருந்தன. படைவீரரின் மனைவியைப் பணி வாக்காளராகச் சேர்த்த சட்டம், பெண் அதிகாரியின் கணவரைச் சேர்க்கவில்லை. 'மனைவி' என்ற சொல்லை 'வாழ்க்கைத் துணை' என்று மாற்ற 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மனம் வைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதையும் அந்தப் பிரிவிலேயே பார்த்தோம். சீட்டை மின்னணு முறையில் அனுப்பித் தபாலில் திரும்பப் பெறும் முறையை 2016-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் முதன்முதலாகச் சோதித்தீர்கள். 2019 மக்களவைத் தேர்தலில் 18 லட்சம் பணி வாக்காளர்களுக்குச் சீட்டு அனுப்பப்பட்டு, 10 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லடாக்கின் முகாமில் இருக்கும் தென்காசிக்காரரின் வாக்கு தென்காசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. தென்காசியிலேயே கட்டிலருகே இருக்கும் மனைவியின் வாக்கு தெருமுனைச் சாவடிக்குப் போய்ச் சேர வழியில்லை.

2019 அக்டோபரில் விதிகளைத் திருத்தி, 80 வயதுக்கு மேற்பட்டவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தது இந்த வரலாற்றில் பெரிய திருப்பம். அரசுக்கு என்ன வேலை செய்கிறார் என்று பாராமல், வாக்காளரின் உடல்நிலை என்ன என்று சட்டம் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். அதற்காக நான் உங்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் கேட்ட கேள்விக்குச் சட்டம் ஓர் எண்ணைத்தான் விடையாக வைத்தது. அந்த எண்ணும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2019-இல் 80, கொரோனா காலத்தில், 2020 ஜூனில், 65 என்று அறிவிக்கப்பட்டு, அடுத்த மாதமே ஆள்பலமும் வசதியும் போதாது என்று ஆணையத்தால் கைவிடப்பட்டது, 2024 மார்ச்சில் 85 ஆக உயர்ந்தது. இத்தனைக்கும் நடுவில் எந்தக் கிழவரின் முழங்காலும் தேறிவிடவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் வீட்டிலிருந்தே வாக்களித்த 81 வயதுப் பெண், மூன்றாண்டு மூத்து, இன்னும் தளர்ந்து, 84 வயதில் சாவடிக்கு நடந்துபோக வேண்டியவரானார். மாற்றுத்திறனுக்கும் 40 விழுக்காடு என்று ஒரு கோடு உண்டு. தொடையெலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கிடப்பவர், பேறுகாலம் நெருங்கிய பெண், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர், மருத்துவமனை வார்டில் சேர்க்கப்பட்டிருப்பவர் ஆகிய யாரும் அந்தக் கோட்டுக்குள் வரமாட்டார்கள்.

எங்காவது ஒரு கோடு போடத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். 85 வயதைக் கடந்த வாக்காளர்கள் மட்டுமே நாட்டில் 80 லட்சத்துக்கும் மேல். எல்லோர் வீட்டுக்கும் குழு அனுப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் குழுவில் போகிறவர்கள் என்னைப் போன்ற வாத்தியார்கள்தான். இருந்தாலும், 'இவரால் வாக்குப்பதிவு நாளன்று சாவடிக்கு வர முடியுமா?' என்பது கேட்கக்கூடிய, சரிபார்க்கக்கூடிய கேள்வி. மருத்துவச் சான்றோ, வாக்குச்சாவடி நிலை அலுவலரின் நேரடி விசாரணையோ அதற்குப் போதும். என் அக்காவைப் போன்றவர்கள் விஷயத்தில் கூடுதல் செலவுகூடக் கிடையாது. வீட்டு வாக்குக்குத் தகுதி பெற்றவரை அதே வீட்டில் தனியாகக் கவனித்துக்கொள்ளும் ஒருவர், படிவம் 12டி-யிலேயே இன்னொரு பத்தியில் தன் பெயரையும் எழுதித் தரலாம். குழு எப்படியும் அந்த வீட்டுக்கு வரத்தான் போகிறது. ஒரு சீட்டும் இரண்டு உறையும் கூடுதலாகக் கொண்டுவந்தால் போதும். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60(சி) பிரிவு, அரசோடு கலந்தாலோசித்துப் புதிய வகை வாக்காளர்களை அறிவிக்கை செய்யும் அதிகாரத்தை ஆணையத்துக்கே தந்திருப்பதால், இதற்காக நாடாளுமன்றத்தின் வாசலில் போய் நிற்கவேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்ததாக, போட்ட வாக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆறாத புண். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். அந்தத் தொகுதியில் 203 தபால் வாக்குகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டன. உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று சொல்லப்பட்டதுதான் காரணம். வழக்கு நடந்தது. மூன்றாண்டு கழித்து, 2019 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அந்தத் தபால் வாக்குகளும் கடைசி மூன்று சுற்றுகளும் மீண்டும் எண்ணப்பட்டன. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-இல் அந்தப் பேரவையின் காலமே முடிந்துபோனது. யார் வென்றிருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது அக்கறை இல்லை. நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்த 203 பேரை. அவர்கள் தேர்தலை நடத்திய ஊழியர்கள். மற்றவர்கள் வாக்கு செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக இரவெல்லாம் பெஞ்சில் படுத்துக் கிடந்தவர்கள். சீட்டில் அவர்கள் போட்ட குறியில் பிழை இல்லை. உறைக்குள் இருந்த இன்னொரு தாளில் வேறொருவர் போட்ட கையெழுத்துதான் சிக்கல். நானும் தலைமையாசிரியராக இருந்து பச்சை மையில் எத்தனையோ தாள்களில் சான்றொப்பமிட்டவன். அந்த 203-இல் என் கையெழுத்து இல்லை என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கை கூசியது.

2023-இல் விதியைத் திருத்தி, தேர்தல் பணியாளர்கள் வாக்காளர் வசதி மையத்திலேயே சீட்டைப் பெற்று அங்கேயே வாக்களித்துக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கியதன் மூலம் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் களைந்திருக்கிறீர்கள். வெற்றி வித்தியாசத்தைவிட நிராகரிக்கப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்ற நெறிமுறையும், தபால் வாக்குகளை எண்ணி முடிக்காமல் இயந்திர வாக்கின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்று 2025 செப்டம்பரில் அறிவித்த ஏற்பாடும் வரவேற்கத் தக்கவை. இவை அனைத்தும் வேட்பாளர்களுக்குப் பாதுகாப்பு. வாக்காளருக்கு? என் தபால் வாக்கு வந்து சேர்ந்ததா, எண்ணப்பட்டதா, தள்ளப்பட்டதா, தள்ளப்பட்டிருந்தால் எதனால் என்று எந்தத் தேர்தலிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு தேர்தலில் சீட்டே கைக்கு வராமல் போனபோது, கேட்கப் போன அலுவலகத்தில், "அனுப்பியாச்சு சார், வரும்" என்ற பதில்தான் கிடைத்தது. வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகும் அது வரவில்லை. அஞ்சல் துறை ஒரு விரைவுத் தபால் எந்த ஊரில் நிற்கிறது என்று கைப்பேசியில் காட்டும் காலம் இது. வாக்காளரின் தேர்வைத் தொடாமல், வெளி உறை வந்து சேர்ந்தது, உறுதிமொழி ஏற்கப்பட்டது என்ற இரண்டு செய்திகளை மட்டும் அவருக்கு அனுப்புவதால் இரகசியம் எதுவும் கெட்டுவிடாது.

இரகசியம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். தபால் வாக்கை எதிர்ப்பவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து சொல்வதை மனிதநேயர்கள் அலட்சியம் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பிரான்ஸ் 1975-இல் தபால் வாக்கையே ஒழித்தது, முறைகேடுகள்தான் காரணம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2004 உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வார்டுகளில் தபால் வாக்குகள் திருடப்பட்டதைத் தேர்தல் நீதிமன்றம் மறு ஆண்டில் உறுதிசெய்தது. அதே வேளையில் ஜெர்மனி 1957 முதல் தபால் வாக்கை நடத்திவருகிறது. 2021-இல் அங்கே வாக்களித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தபாலில்தான் வாக்களித்தார்கள். முறை ஒன்றே என்றாலும் அதைச் சுற்றியிருக்கும் காவல் வேறுவேறு. நம் நாட்டில், 2024 ஏப்ரலில், கேரளத்தின் கல்லியாச்சேரியில் 92 வயது மூதாட்டியின் வீட்டு வாக்கில் உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் தலையிட்டது கேமராவில் பதிவாகி, உடனிருந்த தேர்தல் ஊழியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

வெளியார் தலையிடுவதைக் கேமரா காட்டிக்கொடுத்துவிடும். வீட்டார் தலையிடுவதை அது எப்படிப் பிடிக்கும்? அத்தான் வாக்களித்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று இதுவரை சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டில், அவர் முதுகுக்குத் தலையணை வைத்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டூலின் மேல் விரித்த அட்டை எதிரே நின்ற ஐந்து பேரிடமிருந்தும் சீட்டை மறைத்தது. பின்னால் நின்ற என்னிடமிருந்து மறைக்கவில்லை. நடுங்கும் பேனா எந்தச் சின்னத்தின் எதிரே போய் நின்றது என்பதை நான் பார்த்துவிட்டேன். நாற்பதாண்டுக் காலமாக அவர் எந்தக் கட்சிக்காரர் என்று குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருந்ததோ, அந்தச் சின்னம் அல்ல அது. ஒரு நொடி, "அத்தான், தப்பான இடத்துல வைக்கிறீக" என்று சொல்ல என் வாய் திறந்தது. ஆறு முறை தலைமை அலுவலராக இருந்து, மறைவிடத்துக்குள் எட்டிப்பார்த்த எத்தனையோ மகன்களையும் கணவன்மார்களையும் அதட்டி விரட்டியவன் நான். எனக்கே அப்படித் தோன்றியது. அவர் தவறவில்லை, யோசித்துத்தான் வைத்தார் என்பது அடுத்த நிமிடம் அவர் சீட்டைத் தானே மடித்த விதத்தில் தெரிந்தது. நான் பார்த்ததை இன்றுவரை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். வீட்டு வாக்குப்பதிவின்போது, வாக்காளர் தம் வாயால் அல்லது சைகையால் தேர்ந்தெடுக்கும் ஒரு துணைவரைத் தவிர, வீட்டார் அனைவரும் அந்த அறையைவிட்டு வெளியேற வேண்டும் என்று அலுவலர் சத்தமாகச் சொல்லட்டும். அப்படிச் சொன்னதும் வீடியோவில் பதியட்டும். தாங்கிப் பிடிக்க ஆள் தேவை என்றால் அலுவலர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடிக்கட்டும். சாவடியில் பார்வையற்றவருக்குத் துணையாக வருபவரிடம் வாங்குவதுபோல, வீட்டுத் துணைவரிடமும் இரகசியம் காப்பதாக எழுதி வாங்கட்டும். பெயர்தான் தபால் வாக்கே தவிர, நம்முடையது அஞ்சல் பெட்டியில் போடும் முறையன்று; சாவடியே வீடு தேடி வருகிறது. மேலை நாடுகளில் தனித்து உறையைப் பிரிக்கும் வாக்காளருக்குக் கிடைக்காத ஒரு காவல், பயிற்சி பெற்ற ஓர் அலுவலரின் வடிவில், இங்கே கட்டிலருகே நிற்கிறது. இரகசியத்தைக் காரணம் காட்டி வாக்காளர்களின் எண்ணிக்கையைச் சுருக்குவதற்குப் பதிலாக, அந்த அலுவலருக்கு வாய்திறந்து பேசும் துணிவைக் கொடுப்பது மேல். 2013 செப்டம்பரில், வேட்பாளர் எவருக்கும் வாக்கில்லை என்று பதிவதையும் இரகசியமாகச் செய்ய வழி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அந்த வழக்கின் முதுகெலும்பே இரகசியம்தான். அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் தார்குண்டே வளர்த்த இயக்கத்துக்காரர்கள் என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்.

இன்னும் இரண்டு கூட்டத்தாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். முதலாவது, விசாரணைக் கைதிகள். 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) பிரிவு சிறையில் இருக்கும் எவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அவர் தபாலில் வாக்களிக்கலாம். ஒரே சிறை வளாகத்தில், குற்றம் சாட்டப்படாமலே அடைக்கப்பட்டவருக்கு வாக்கு உண்டு. குற்றம் சாட்டப்பட்டு, நிரூபிக்கப்படாமல் இருப்பவருக்குக் கிடையாது. குற்றம் நிரூபிக்கப்பட்டு ஜாமீனில் வெளியே இருப்பவருக்கோ சாவடியில் வாக்கு உண்டு. விசாரணைக் கைதி தேர்தலில் நிற்கலாம். 2024-இல் திகார் சிறையிலிருந்தபடியே ஒருவர் பாராமுல்லா தொகுதியில் வென்றும் இருக்கிறார். வாக்குக் கேட்கலாம், போடக் கூடாது. நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே இருப்பவர்கள் அதில் ஏராளம். இத்தடையை 1997-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது, கைதிகளுக்கு வாக்கு வசதி செய்யக் காவலும் ஆள்பலமும் போதாது என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தடுப்புக் காவல் கைதிகளுக்காகத் தபால் சீட்டு ஏற்கெனவே சிறைக்குள் போய் வருகிற நிலையில் அந்தக் காரணம் எவ்வளவு நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள். இது நாடாளுமன்றம் மாற்ற வேண்டிய பிரிவு. ஆனால் பரிந்துரைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

இரண்டாவது, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பிகார்த் தொழிலாளர்கள் வாக்களிக்க வேண்டுமானால் பல நாள் கூலியை இழந்து, ரயிலில் நின்றுகொண்டே போய்வர வேண்டும். 2022 டிசம்பரில் 72 தொகுதிகளின் வாக்கை ஒரே இடத்தில் பதியக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை அறிவித்தீர்கள். 2023 ஜனவரியில் கட்சிகளை அழைத்துக் காட்ட முற்பட்டீர்கள். கட்சிகள் ஐயம் எழுப்பின. அத்தோடு பேச்சு நின்றுபோனது. இயந்திரத்தின் மீது நம்பிக்கை வராவிட்டால் காகிதம் இருக்கிறதே. கஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் டெல்லியிலும் ஜம்முவிலும் உதம்பூரிலும் சிறப்புச் சாவடிகளில் தம் சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கிறார்கள். அத்தியாவசியப் பணியாளர்களுக்காகத் தொடர்ந்து மூன்று நாள் நடத்துவது போன்ற தபால் வாக்கு மையம் ஒன்றைத் திருப்பூரில், ஒரே ஒரு மாநிலத்தின் தேர்தலுக்கு, முன்கூட்டிப் பதிந்துகொண்ட தொழிலாளர்களுக்கு மட்டும் திறந்து பார்க்கலாம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சீட்டு செல்லாமல் போனது, எங்கே முறைகேடு நடந்தது என்ற கணக்கை அப்படியே வெளியிடுங்கள். ஆகும், ஆகாது என்பதைக் கட்சிகளின் அச்சத்தை வைத்தோ என்னைப் போன்றவர்களின் ஆசையை வைத்தோ தீர்மானிக்காமல், அந்தக் கணக்கை வைத்துத் தீர்மானியுங்கள்.

இவற்றில் எளிதானது எது என்று கேட்டால், தயங்காமல் என் அக்காவின் கோரிக்கையைத்தான் சொல்வேன். படிவம் 12டி-யில் ஒரு பத்தி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அந்தப் படிவத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதால், முடிவை அதற்கு வெகுமுன்னதாக எடுக்க வேண்டியிருக்கும். அத்தான் இன்னும் இருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர் மறுபடி எப்போது வருவார் என்று அக்கா விசாரித்தார். அத்தானின் வாக்காளர் அட்டையோடு தன்னுடையதையும் சேர்த்து, ரேஷன் கார்டுக்கு நடுவே வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.